துருத்தி மூச்சு

காற்றே இல்லை. கதவைச் சாத்தியாயிற்று. கூரை ஓட்டை வழியே இறங்கிய காலை வெயில் அசையாமல் நின்றது. ஆனாலும் அடுப்புத் தீ, லைகோன் நின்ற பக்கமாகவே சாய்ந்து எரிந்தது. அவன் மெல்ல நகர்ந்து தண்ணீர்க் குடத்தருகே போனான். தீயும் அந்தப் பக்கம் திரும்பியது.

குழந்தை பிறந்து இன்று ஐந்தாம் நாள். பெண் பிறந்திருக்கிறது என்று ஊருக்குச் சொல்ல வாசலில் கம்பளி நூல் தொங்கியது. தகப்பன் உடம்பில் துணியில்லாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்பை மூன்று சுற்று ஓடி வந்தால்தான் அது அந்த வீட்டுப் பிள்ளை. ஓடாவிட்டால் ஒரு மண்சட்டியில் வைத்து மலையடிவாரத்தில் விட்டுவிடுவார்கள். பிறகு அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

"ஏன் தம்பி, குடத்துக்குப் பின்னாடி பதுங்கற? கோட்டையையே கொளுத்தின ஆளு, கைப்பிள்ளையத் தூக்கப் பயப்படறியா?" என்று சிரித்தாள் மருத்துவச்சி பிலின்னா, விருந்துக்குக் கணவாய் மீன் அரிந்துகொண்டே.

லைகோனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கடலோரக் கோட்டையில் துருத்தி அமுக்கியது அவன்தான். குடைந்த மரத்தடியின் ஒரு முனையில் தோல் துருத்தி. மறுமுனையில் கரியும் கந்தகமும் தார் போன்ற கீலும் நிரம்பிய கொப்பரை. அமுக்க அமுக்கத் தீ பாய்ந்து மர மதிலைத் தின்றது. மதில்மேல் ஒருவன் மட்டும் குதிக்காமல், கத்தாமல், நின்றபடியே எரிந்தான். கடைசி வரை லைகோனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊர் திரும்பியபோது அப்பா செத்திருந்தார். சாவு விழுந்த வீட்டில் அடுப்பை அவித்துவிடுவார்கள். துக்கம் கழிந்ததும் ஊர்ப் பொது அடுப்பிலிருந்துதான் புதுத் தீ எடுத்துவர வேண்டும். அன்று மழை கொட்டியது. நிறைமாத மனைவி குளிரில் நடுங்கினாள். பாசறையிலிருந்து கொண்டுவந்த தீச்சட்டியில், அந்தக் கொப்பரையில் அள்ளிய கனல் இன்னும் உயிரோடு இருந்தது. எந்தத் தீயானால் என்ன என்று அதையே அடுப்பில் கொட்டினான். கெட்டிக்காரத்தனம் என்றுகூட நினைத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது எரிவதென்னவோ காய்ந்த ஒலிவ விறகுதான். ஆனால் கணவாய் வாடையையும் எண்ணெய் வாடையையும் மீறி, மெல்ல மெல்லத் தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது கந்தக நெடி.

"என்னங்க, ஓடுங்க," என்றாள் அவன் மனைவி மெலித்தா.

"இந்தத் தீ சரியில்ல. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கா? அஞ்சாம் நாள் தாண்டினா இவ யார் வீட்டுப் புள்ள? மலையில கொண்டு வெக்கறதுக்கா நான் பெத்தேன்? தர மாட்டேன். எவன் வந்தாலும் தர மாட்டேன்."

அவனுக்கும் ரோஷம் வந்தது. ஆடையைக் களைந்து வீசினான். மகளை அவளிடமிருந்து வாங்கி நெஞ்சோடு அணைத்தான். தீயைப் பார்த்துச் சொன்னான்:

"இவ என் பொண்ணு. உனக்குக் கிடையாது. முடிஞ்சதப் பாரு."

முதல் சுற்று. தீ கூடவே திரும்பியது.

இரண்டாம் சுற்று. தோல் கிறீச்சிட்டது. ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. துருத்திச் சத்தம். விருந்துக்கு வந்திருந்த பெண்கள் சிரித்துக்கொண்டே கை தட்டினார்கள். அவர்களுக்குக் கேட்கவில்லை.

மூன்றாம் சுற்று. தீ எழுந்து நின்றது. ஆள் உயரம். பாயவில்லை. பார்த்தது.

அவன் நிற்கவில்லை. சுற்றை முடித்தான். தண்ணீர்க் குடத்தை அடுப்பின்மேல் கவிழும்படி எட்டி உதைத்தான்.

தீ அவிந்தது. ஒரே நொடியில். ஒரு பொறி மிச்சமில்லை.

"அடப்பாவி, வீட்டு அடுப்ப அவிச்சிட்டியே!" பிலின்னா அலறினாள்.

"அவிச்சேன்! என்ன இப்ப?" லைகோன் சிரித்தான். வாய்விட்டுச் சிரித்தான்.

சத்தம் நிற்கவில்லை.

தோல் கிறீச்சிட்டது. மூச்சு. மறுபடி மூச்சு. அடுப்பிலிருந்து அல்ல. அவன் கைக்குள்ளிருந்து.

குனிந்தான். குழந்தையின் சின்ன நெஞ்சு ஏறி இறங்கியது. வாய் திறந்தது. நாக்குக்குப் பின்னால், தொண்டையின் அடியில், சிவப்பாக ஏதோ கனன்றது.

குழந்தை கத்தவில்லை. அவனையே பார்த்தது.

"என் பொண்ணு," என்றான் லைகோன், இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு. அவன் நெஞ்சு முடி பொசுங்கத் தொடங்கியது.