நூற்று எண்பத்தொன்று

"அந்த ஆளு மட்டும் என் கையில கெடைக்கட்டும் ஷேரன்... அந்த ஸ்மார்ட்போர்டைக் கழட்டி அவன் தலையிலேயே மாட்டிடுவேன்."

லெபோ பாசார் தெருவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இப்ராஹிம் தேநீர்க் கடையில் கூட்டம். "இடம் இல்ல தங்கச்சி, அந்தத் தம்பி எதிர்ல உக்காந்துக்குங்க" என்று அவர் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்த ஜெகதீஸ்வரி, எதிரில் இருந்தவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காதில் போன், கையில் பிழிந்த சேலைத் தலைப்பு, நெஞ்சு முழுக்க நெருப்பு.

"அப்படி என்னதான்டி பண்ணிட்டான்?" என்றாள் ஷேரன், பக்கத்து வகுப்பு ஆசிரியை.

"முக்கோணம் நடத்துறேன். பிள்ளைங்க டேப்லெட்ல மூலையைப் பிடிச்சு இழுக்குதுங்க. எப்படி இழுத்தாலும் மூணு கோணமும் சேர்ந்தா நூத்தி எண்பதுதான்னு சொல்றேன். காமினி எழுந்து, 'டீச்சர், அறுபத்தொண்ணு, அறுபது, அறுபது... எனக்கு நூத்தி எண்பத்தொண்ணு வருது'ங்குறா. வகுப்பே சிரிக்குது. பின்னால தலைமையாசிரியர் உக்காந்திருக்காங்க. போர்டு மாட்ட வந்தவன், எல்லாத்துலயும் புள்ளிக்குப் பின்னாடி இருக்கிறதையெல்லாம் மறைச்சு, முழு எண்ணா மட்டும் காட்டுற மாதிரி வச்சிட்டுப் போயிருக்கான்."

"புஷ்பவள்ளி மேடம் என்ன சொன்னாங்க?"

"நாளைக்கு மறுபடி வருவாங்களாம். அப்பவும் இப்படின்னா, டேப்லெட்டெல்லாம் கெட்டிக்கார வகுப்புக்குப் போயிடுமாம். என் பிள்ளைங்க பாகைமானியைப் பார்த்தாலே நடுங்குதுங்க ஷேரன்... இப்பதான் ஒரு கோணத்தை விரலால தொட்டுப் பார்த்துச் சிரிச்சுதுங்க."

சட்டென்று போனை வைத்துவிட்டாள்.

"டீச்சர்..."

எதிரே இருந்தவன். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள்... சன்னல் கம்பியில் உருண்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கும் மழைத்துளி மாதிரி, தயங்கித் தயங்கி அவளையே பார்த்த கண்கள்.

"போர்டைக் கழட்ட ஸ்குரூ டிரைவர் வேணும். என் வண்டியில இருக்கு."

"என்ன?"

"அந்த ஆளு நான்தான். குணாளன். போன சனிக்கிழமை நிபோங் திபால்ல இருந்து வந்து மாட்டினேன்."

அவள் முகம் சிவந்தது. வெட்கத்தால் இல்லை.

"எதுக்கு அப்படி வச்சீங்க?"

"சின்னப் பிள்ளைங்களாச்சே... பார்க்கச் சுத்தமா இருக்கட்டும்னு."

"சுத்தமா இருக்கணும்னு கணக்கைப் பொய் சொல்ல வச்சிட்டீங்க."

"தப்புதான். ஆனா நீங்களும் ஒருக்கா முன்னாடியே இழுத்துப் பார்த்திருக்கலாம்லா, டீச்சர்."

வந்த தேநீரைத் தொடாமல் எழுந்தாள். கொட்டும் மழையில் இறங்கி நடந்தாள். அவன் சொன்னது உண்மை... அதுதான் அவளுக்குப் பொறுக்கவே இல்லை. தெருமுனையில் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். எதற்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை வகுப்புக்குள் நுழைந்தால், அவன் போர்டுக்குப் பக்கத்தில் நிற்கிறான். கூடவே புஷ்பவள்ளி மேடம்.

"தப்பு என்னுதுதான்னு மேடம்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு நிமிஷம் குடுங்க, சரி பண்ணிடுறேன்."

அவள் அவனருகில் போய், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "எனக்காகப் பேச நான் உங்களை ஆளா வச்சிருக்கேனா? தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

"இன்னைக்கும் நூத்தி எண்பத்தொண்ணுதான் வரும்..."

"வரட்டும்."

நேற்றைய முக்கோணத்தையே போர்டில் திறந்தாள். அறுபத்தொன்று, அறுபது, அறுபது.

"காமினி கூட்டினது சரி. இந்தப் போர்டு நம்மகிட்ட எதையோ மறைக்குது. என்னன்னு கண்டுபிடிங்க."

வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. போர்டு பழுது என்றார்கள். முக்கோணம் கோணல் என்றார்கள். கடைசியில் காமினி மெல்ல எழுந்தாள்.

"டீச்சர், நம்ம கிட்டிய முழு எண்ணுக்கு மாத்துவோம்ல... அது மாதிரி இதுவும் கொஞ்சம் கொஞ்சம் ஏத்திக் காட்டுதா?"

"சார், மறைச்சதை இப்ப திறந்து விடுங்க" என்றாள் ஜெகதீஸ்வரி, அவன் பக்கம் திரும்பாமலே.

அறுபது புள்ளி ஆறு. ஐம்பத்தொன்பது புள்ளி ஆறு. ஐம்பத்தொன்பது புள்ளி எட்டு. பென்சில்கள் பறந்தன... நூற்று எண்பது. மேசைகள் அதிர்ந்தன. புஷ்பவள்ளி மேடம் எழுந்து, "டேப்லெட் இங்கேயே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மணி அடித்தது. வெளியே தாழ்வாரத்தில் மறுபடி மழை. சாமான் பையுடன் குணாளன் தூணோரம் நின்றிருந்தான்.

"நான் இன்னைக்கு வந்தது மேடத்துக்காக இல்ல, டீச்சர். நேத்து நீங்க திட்டத் திட்ட, என் தே தாரிக் கிளாஸ் காலியாகி ரொம்ப நேரம்... எழுந்து போக மனசே வரல. இன்னொருக்கா அந்தத் திட்டு வாங்கணும் போல இருந்துச்சு. எப்பவும் வாங்கணும் போல..."

அவள் மழையைப் பார்த்தாள்.

"இன்னும் கோவமா?"

"ஆமா."

"எவ்ளோ?"

"நூத்துக்கு நூறு."

"முழு எண்ணா சொல்றீங்களே... அது நான் பண்ணின தப்பாச்சே."

சிரிப்பு வரப் பார்த்தது. உதட்டைக் கடித்து நிறுத்தினாள். முடியவில்லை.

"தொண்ணூத்தொன்பது புள்ளி ஆறு."

"மிச்சம்?"

முதல் தடவையாக அவன் பெயரைச் சொன்னாள்.

"அந்தப் புள்ளி நாலை மட்டும் மறைச்சிடாதீங்க, குணாளன்... அது உங்களுக்குத்தான்."