எதிர் எடை

வெளிச்சம் இருக்கும்போதே வேலையை முடித்துவிட வேண்டும் என்று நினைத்து, மதியமே வந்துவிட்டான் மெக்கானிக். கருவிப் பையைப் பார்த்ததும் காவலாளி எழுந்து நின்றார்.

"லிப்ட் பாக்க வந்த தம்பியா? மொட்டை மாடி வரைக்கும் படிதான். லிப்ட்காரனுக்கே மூச்சு வாங்க வெக்கிற லிப்ட் இது."

நிலநடுக்கத்தில் நகரம் பாதி சரிந்தபோதும் இந்த அலுவலகக் கட்டடத்தில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. இங்கே சாவு விழுந்தது அதற்குப் பிறகு. இடிபாடுகளில் செத்தவர்களுக்காக நாடு முழுவதும் துக்க விடுமுறை என்று திடீரென அறிவித்த மாலையில் எல்லாரும் அவசர அவசரமாகக் கிளம்பினார்கள். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டினார்கள். அந்நேரம் ஒருத்தி லிப்டில் இறங்கிக்கொண்டிருந்தாள். செல்போன் கோபுரங்கள் சாய்ந்து கிடந்தன. லிப்டின் அபாய மணி பேட்டரியில் ஓடுவது. கரண்ட் போனாலும் அடிக்கும். அடித்துத்தான் இருக்கும். கேட்கத்தான் ஆள் இல்லை. துக்கம் முடிந்து கதவைத் திறந்தபோது பேட்டரியும் தீர்ந்திருந்தது, அவள் மூச்சும் தீர்ந்திருந்தது.

உடலை எடுத்த பிறகு யாரும் அந்தப் பெட்டியை நகர்த்தவில்லை. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே அது அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

மோட்டார் அறையில் பழைய கிரீஸ் நாறியது.

"மெயினை அணைச்சது நான்தான். பாவம், யாரு பெத்த பொண்ணோ," என்றார் காவலாளி.

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தான். "என் தங்கச்சி ஐயா."

காவலாளி ஓரடி பின்வாங்கினார்.

"உங்களைத் திட்ட வரல. எங்கம்மா இன்னும் ராத்திரி கதவைத் தாழ் போடறதில்ல. அவ இதுக்குள்ளயே நிக்கிறான்னு சொல்றாங்க. எனக்கும் அப்படித்தான் இருக்கு. கதவைத் திறந்து, வான்னு கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். அவ்வளவுதான்."

பெரிய சக்கரத்தின் மேல் கிடந்த இரும்புக் கயிறுகளை அவன் தட்டிக் காட்டினான்.

"இந்தப் பக்கம் பெட்டி. அந்தப் பக்கம் இரும்புக் கட்டிங்க, எதிர் எடை. எட்டுப் பேரு ஏறுற பெட்டி இது. நாலு பேரு நின்னா தராசு மாதிரி சமமா இருக்கும். காலியா இருந்தா எதிர் எடைதான் கனம். பிரேக்கைத் தளர்த்தினாப் போதும், பெட்டி தானா மேல வரும். மோட்டாரே வேணாம்."

"அப்புறம் எதுக்குத் தம்பி கரண்டு பில்லு அவ்வளவு வருது?"

அவன் லேசாகச் சிரித்தான். மெயின் அணைந்திருப்பதைச் சரிபார்த்துவிட்டுப் பிரேக்கின் நெம்புகோலை அழுத்தினான்.

கயிறு அசைந்தது.

பெட்டி கீழே இறங்கியது.

சட்டென்று கையை எடுத்தான். பிரேக் கவ்விக்கொண்டது.

"மேல வரும்னு சொன்னீங்களே?"

டார்ச்சை லிப்ட் ஓடும் குழிக்குள் அடித்துப் பார்த்தான். எதிர் எடையில் ஒரு கட்டிகூடக் குறையவில்லை. தங்கை ஒருத்தி மட்டும் உள்ளே நின்றாலும் பெட்டி மேலேதான் வர வேண்டும். கீழே இறங்கினால், உள்ளே நாலு பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

"உள்ள யாரு தம்பி?" காவலாளி குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டியை மூன்றாம் மாடி மட்டத்துக்கு இறக்கினான். "இதைத் தொட்டுடாதீங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

சாவி போட்டுக் கதவைத் தள்ளினான்.

காலி.

ஆனால் வாசனை வந்தது. சிமென்ட் தூசி, நொறுங்கிய செங்கல், தண்ணீர் பட்ட மண். அந்த நாட்களில் நகரம் முழுக்க அடித்த வாசனை. ஒரு கீறல்கூட விழாத இந்தக் கட்டடத்தில் அது எப்படி வரும்?

உள்ளே கால் வைத்தான். "வா. அம்மா காத்துட்டிருக்காங்க. வீட்டுக்குப் போலாம்."

கையை நீட்ட முயன்றான். நீட்ட இடமில்லை.

இடப்பக்கம் ஒரு தோள். வலப்பக்கம் ஒரு தோள். பிடரியில் யாரோ விட்ட மூச்சு.

"அண்ணா," காதருகே கிசுகிசுப்பு. "கொஞ்சம் உள்ள தள்ளி நில்லேன்."

"நீ முதல்ல இறங்குடி."

"எப்படி இறங்குறது? வாசலை அடைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. இன்னும் வந்துக்கிட்டே இருக்காங்க."

திரும்பிப் பார்ப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

பெட்டி நகர்ந்தது. கீழ்நோக்கி.

"தம்பி!" மேலிருந்து காவலாளி அலறினார். "நான் தொடவே இல்ல! கயிறு ஓடுது!"

கதவிடுக்கில் இரண்டாம் மாடி வெளிச்சம் ஒரு கீற்றாக மேலேறி மறைந்தது. அடுத்து முதல் மாடி. அடுத்து தரைத்தளம். அதற்குக் கீழே இருப்பது ஓர் ஆள் உயரப் பள்ளம்தான். அதில் பெரிய ஸ்பிரிங் ஒன்று உண்டு. எந்தப் பெட்டியும் அதில் முட்டி நின்றே ஆக வேண்டும். முழங்காலை மடக்கி, அந்த இடிக்காகப் பல்லைக் கடித்துக் காத்திருந்தான்.

இடி வரவில்லை.

காவலாளியின் குரல் மெலிந்து, நூலாகி, அறுந்தது.

நெடுநேரம் கழித்துக் கதவிடுக்கில் ஒரு வெளிச்சக் கீற்று தெரிந்தது. பெட்டி நின்றது. கதவு திறந்தது.

யாரும் இறங்கவில்லை. இன்னும் சிலர் ஏறினார்கள்.