அறுபது நொடித் துண்டு

மாசிலாமணியின் சரக்குக் கப்பல் செவ்வாய்ச் சுற்றுநிலையத்தின் ஜன்னலுக்கு வெளியே இருபதடி தூரத்தில் நின்றது. அவர் கையை ஆட்டுவதுகூடத் தெரிந்தது. ஆனாலும் நிலையத்தின் கதவு திறக்கவில்லை. கணக்குப்படி அவர் வியாழனுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"நீங்க அங்க இல்லையே அண்ணே," என்றார் நிலைய அதிகாரி தணிகாசலம், ஒலிவாங்கியில், மிக மரியாதையாக.

"யோவ், எதிர்லதான்யா நிக்கிறேன்! நாப்பது நிமிஷத்துக்குத்தான் காத்து இருக்கு!"

தணிகாசலத்தைக் குறை சொல்ல முடியாது. செவ்வாயைச் சுற்றும் ஒவ்வொன்றுக்கும் கணிப்பொறிக்குள் அதன் நகலாக ஒரு நிழற்கோள் ஓடிக்கொண்டிருக்கும். அசல் எங்கே என்பதை நிழலைப் பார்த்தே சொல்லிவிடலாம். இந்த வசதி வந்ததும் தொலைநோக்கிக் கண்ணாடிகளையெல்லாம் கழற்றி, உணவகத்து ஊறுகாய் ஜாடிகளுக்கு மூடியாக்கிவிட்டார்கள். நிழலும் நிஜமும் ஒத்துப்போகாவிட்டால், விளக்கம் கேட்டு மெமோ போவது நிஜத்துக்குத்தான்.

"தப்பு நம்ம பேர்ல சார்," என்றாள் கணக்கைக் கவனிக்கும் அங்கயற்கண்ணி. "நேரத்தை அறுபது நொடித் துண்டா வெட்டியிருக்கோம். ஒவ்வொரு துண்டுலயும் கப்பல் நேர்கோட்டுல போறதா வச்சுக்கிறோம். வளைவுல நேரா நடந்தா என்ன ஆகும்? கொஞ்சம் கொஞ்சமா வெளிய போயிடுவோம். காத்தே உரசாத உயரத்துல ஒன்பது மாசம் சுத்துனதுல அவரோட நிழல் ஓடியே போயிடுச்சு."

"அந்தத் துண்டாலதானேம்மா நூறு வருஷக் கணக்கை ஒரே காலையில முடிச்சோம்? பாராட்டுகூட வந்துச்சே!"

"வந்துச்சு சார். இப்ப ஒரு நொடியா வெட்டட்டுமா? அவருக்கு மூச்சு முட்டுது."

தணிகாசலம் அரைமனதாகத் தலையாட்டினார். வேலை அறுபது மடங்கானது. கணிப்பொறி முனகியது. விளக்குகள் மங்கின. அடுப்பில் சாம்பார் கொதிப்பதை நிறுத்தியது. முப்பத்தெட்டாவது நிமிடம் மாசிலாமணியின் நிழல் வியாழனை விட்டு ஒரே தாவலில் ஜன்னலருகே வந்து நின்றது. கதவு திறந்தது. அவர் உள்ளே விழுந்து, காற்றைத் தண்ணீர்போல் குடித்தார்.

ஒரு நொடிக் கணக்கு எல்லா நிழல்களையும் திருத்தியிருந்தது, நிலையத்தின் நிழலையும் சேர்த்து. செவ்வாயின் மெல்லிய காற்று உரசி, நிலையம் வருஷக்கணக்காக இறங்கிக்கொண்டிருந்தது. பழைய கணக்கின் பிழை அதன் நிழலை அதே அளவுக்கு ஏற்றிவிட்டதால், திரையில் உயரம் மாறவே இல்லை. இப்போது கோடு வளைந்து கீழே போய்த் தரையைத் தொட்டது. பதினோராம் நாள்.

நிலையத்தில் இருநூற்று நாற்பது பேர். தணிகாசலம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறுபதுக்கே வச்சிடும்மா."

"வச்சா இவரு மறுபடி வியாழனுக்குப் போயிடுவாரே சார்!"

"போயிட்டு வரட்டும். அவருக்குப் பழக்கம்தானே."

அவள் அசையவில்லை. அவரே எழுந்துபோய் அழுத்தினார். கோடு நிமிர்ந்தது. நிலையம் பழைய உயரத்தில் பத்திரமாக மிதந்தது. அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

மாசிலாமணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பதினோரு நாள் இருக்கு சார். நாலு நடையில எல்லாரையும் தரைக்கு இறக்கிடுவேன். கப்பல் வாசல்லயே நிக்குது. முதல் நடைக்கு ஆளைக் கூப்பிடுங்க."

தணிகாசலம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்தக் கப்பல்?" என்றார்.