நீல உடை நடிகர்

திங்கள் காலை 9.40. ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள சிறிய அருங்காட்சியகம் ஒன்றில், சுவரில் தொங்கிய சட்டத்துக்குள் படம் இல்லை. வெறும் அட்டைதான் இருந்தது.

காணாமல் போனது ஒரு ஜப்பானிய மரஅச்சு ஓவியம். நீல உடையில் கபுகி நாடக நடிகர் ஒருவர். பக்கத்தில் அதைவிடப் பெறுமதியான நான்கு ஓவியங்களை யாரும் தொடவில்லை.

10.25. பொலிஸ் அதிகாரி சிவானுஜா வந்தாள். அன்று பார்வையாளர்கள் இல்லை. உள்ளே இருந்த மூவரும் இன்னும் வெளியேறவில்லை.

ஓவியங்களைப் பராமரிக்கும் கொறற்றி முதலில் பேசினாள். "இண்டைக்கு அதை இறக்கிற நாள். வெளிச்சத்திலை நிறம் போயிடும். இனி ஐஞ்சு வருஷம் இருட்டறையிலைதான்."

"ஆர் அந்த நடிகர்?"

"முன்பக்கத்திலை வேஷத்தின்ரை பேர் மட்டும்தான். இருபத்திரண்டு வயசிலை செத்தவர் எண்டு பழைய சொந்தக்காரர் பின்பக்கத்திலை பென்சிலாலை எழுதியிருக்கிறார். உண்மையோ எண்டு தெரியாததாலை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

ஆய்வு மாணவன் ராகவேந்திரனின் பையில் சிறிய திருப்புளி இருந்தது.

"மூக்குக் கண்ணாடிக்கு மேடம். நான் லைப்ரரியிலதான் இருந்தேன்."

11.10. அருங்காட்சியகக் காவலாளி சிற்றம்பலம். வயது அறுபத்து நான்கு.

"எட்டரைக்கு விளக்குப் போடேக்கை படம் இருந்தது பிள்ளை. பிறகு நான் உள்ளை போகேல்லை."

"படத்தைத் தொட்டிருக்கிறீங்களோ?"

"எங்களுக்கு அனுமதி இல்லை." காட்சி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "பாவம், இருபத்திரண்டு வயசுப் பெடியன். இருட்டுக்குள்ளை வைக்கப் போயினம்."

சிவானுஜா குறிப்பேட்டை மூடினாள்.

"ஐயா, எடுத்தது நீங்கள்தான். அந்த வயது படத்தின்ரை பின்பக்கத்திலை மட்டும்தான் இருக்கு. சட்டத்தைக் கழட்டாமல் அதை வாசிக்க ஏலாது."

சிற்றம்பலம் எழுந்து முன்னே நடந்தார். உடை மாற்றும் அறையில் தன் அலுமாரியைத் திறந்தார். இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே படம் பத்திரமாக இருந்தது.

"வன்னியிலை சண்டைக்குள்ளை வீடு எரியேக்கை என்ரை மகன்ரை படங்களும் எரிஞ்சு போச்சு. இந்த மூக்கும் வாயும் அவனை மாதிரியே. ஐஞ்சு வருஷத்துக்கு நான் இருப்பனோ தெரியேல்லை." படத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். "திருப்பிப் பாத்தால் செத்தவர் எண்டு எழுதியிருக்கு. இது தெரியாமல் மூண்டு மாசம் தினமும் அவனோடை கதைச்சிருக்கிறன்."

"அறிக்கை எழுதத்தான் வேணும் ஐயா."

"எழுதுங்கோ."

"மகன்ரை பேர்?"

"வினோஜன்." வாங்குப் பலகையில் மெல்ல அமர்ந்தார். "பத்தொன்பது வயசிலை செத்தவன்."

படத்தை எடுக்க வந்த கொறற்றி, கையுறைகளைக் கழற்றிவிட்டு அவர் அருகில் அமர்ந்தாள்.