பூஜ்ஜியம் என்று எழுதிய குழி

தொழிற்சாலையின் இரும்புக் கதவைத் தாண்டி உள்ளே வந்த பிறகும் நாற்றம் வரவில்லை. அஃப்ரோஸ் நின்றாள். ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைப் பதினொரு வருடமாகச் சோதித்து வரும் நுண்ணுயிரியல் விஞ்ஞானி அவள். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த மூலையில் பச்சைத்தோல், எந்த மூலையில் சுண்ணாம்பு என்று மூக்காலேயே சொல்லிவிடுவாள். இன்று உச்சி வெயிலில் காயும் தகரக் கூரையின் வாசனை மட்டும். நாற்பது நாளாக மூடிக் கிடக்கும் இடம்தான். ஆனால் குழியில் கழிவு அப்படியே இருக்கிறது.

காவலாளி சீனிவாசன் சாவியை இடுப்பில் செருகினார். "ஜும்மா தொழுகை முடியறதுக்குள்ள வந்துடுங்க மேடம். மொதலாளி பாத்தா எனக்குப் பேஜார்."

"பத்து நிமிஷம் போதும்ணா."

அவர் நகரவில்லை. "குழியை அள்ள வந்த நவநீதன் எறங்க மாட்டேன்னுதான் சொன்னான். உங்க பேப்பரைக் காட்னாங்க. எறங்கிட்டான்."

அந்தப் பேப்பரில் விஷவாயு என்ற கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டவள் அவள்தான். அளந்து பார்க்கவில்லை. அன்று மகள் மெஹக்கின் பள்ளி ஆண்டு விழா. நேரமாகிவிட்டதென்று மேசையில் உட்கார்ந்தபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். மெஹக் மேடையில் ஆடிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. ஓடி வந்து, நவநீதனைப் பிணமாகத் தூக்கிக் கிடத்தியிருந்த ஈரத்தில் நின்றாள். அந்தச் செருப்போடே வீட்டுக்குப் போனாள். மெஹக்கின் முழங்காலில் அன்று புதிதாக ஒரு சிராய்ப்பு இருந்தது.

இப்போது எட்டு வயது மெஹக் வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் கிடக்கிறாள். அவள் ரத்தத்தில் கலந்த கிருமிக்கு எந்த மருந்தும் கேட்கவில்லை. அது இந்தக் குழியின் கிருமி என்பதை அஃப்ரோஸ் தன் சோதனைக்கூடத்தில் கண்டுபிடித்தாள். கணவன் காஷிஃபிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு கிருமி வாழும் இடத்தில்தான் அதைக் கொல்லும் வைரஸும் இருக்கும். அதைப் பிடித்துவிட்டால் மகள் பிழைப்பாள்.

முகமூடியை மாட்டிக்கொண்டு வாயு மீட்டரைக் குழிக்குள் இறக்கினாள். பூஜ்ஜியம் காட்டியது. அந்த எண்ணை நம்பாமல் மறுபடி இறக்கிப் பார்த்தாள்; அதே பூஜ்ஜியம். ஆனாலும் இறங்கினாள்.

ஏணியின் ஒவ்வொரு படியிலும் துரு உதிர்ந்து கையுறையில் ஒட்டியது. தூரத்துப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியில் பயான் உரை கேட்டுக்கொண்டிருந்தது, படிக்குப் படி அது மெலிந்து, ஆறாவது படியில் யாரோ கதவைச் சாத்தியதுபோல நின்றுபோனது. தன் மூச்சு மட்டும். கீழே சாம்பல் நிறத்தில் கெட்டியான ஏடு. அடிச்சேறுதான் வேண்டும். ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்த புட்டியால் ஏட்டை உடைத்து, தோள்வரை உள்ளே விட்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. இருக்கக் கூடாது.

புட்டியை யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

பிடுங்கவில்லை. கடைக்காரர் பையை வாங்கிக்கொள்வதைப் போல, மெதுவாக.

அவள் கையை இழுக்கவில்லை. ஏடு ஒருமுறை உப்பி அடங்கியது. பிறகு அவள் உள்ளங்கையில் புட்டி திரும்ப வந்து அமர்ந்தது. வெளியே எடுத்தாள். நிறைந்திருந்தது. மூடி இறுக்கித் திருகியிருந்தது.

மூடியைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்கியிருந்தாள். தொட்டுப் பார்த்தாள். பை காலி.

புட்டியை அங்கேயே போட்டிருக்கலாம். போடவில்லை. "மன்னிச்சிடு, நவநீதா" என்றாள். பதில் வருவதற்குள் ஏறிவிட வேண்டும் என்று ஏறினாள்.

அன்று மாலை சோதனைத் தட்டில் வளர்ந்திருந்த மெஹக்கின் கிருமி மேல் ஒரு சொட்டு விட்டாள். காலையில் தட்டு முழுவதும் துடைத்ததுபோல் தெளிந்திருந்தது. இவ்வளவு சுத்தமாக எந்த வைரஸும் கொல்லாது என்று அவளுக்குத் தெரியும். டாக்டரிடம் சொன்னால் குழியைச் சொல்ல வேண்டும். குழியைச் சொன்னால் அந்தப் பேப்பரையும் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. சேற்றை வடிகட்டி எடுத்த நீரை, நர்ஸ் முதுகு காட்டியிருந்த நேரத்தில் தானே டிரிப்ஸில் ஏற்றினாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. மெஹக் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். அஃப்ரோஸ் அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்தாள். விரல்கள் ஊறிப்போய் மெத்தென்றிருந்தன.

ஊசியோடு வந்த நர்ஸ் பில்கிஸ் பாதியிலேயே நின்று மூக்கைப் பொத்தினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். காஷிஃப் கதவருகிலேயே நின்றுவிட்டான்.

"இன்னா நாத்தம் இது, அஃப்ரோஸ்?"

அன்று குழியருகே போலவே, அவளுக்கு எந்த நாற்றமும் தெரியவில்லை.

"அம்மி, தலை வாரி விடறீங்களா?"

சீப்பை எடுத்தாள். வைத்ததும் இறங்கியது. சிக்கு இல்லை. இழுப்பு இல்லை. முடி முழுவதும் சீப்போடு வந்தது. வேரோடு. சுண்ணாம்பில் மூன்று நாள் ஊறிய ஆட்டுத்தோலிலிருந்து மயிர் கழன்று வருவதைப் போல. ரத்தம் இல்லை. கீழே வெளுத்த, வழவழத்த ஈரம்.

மெஹக் சிரித்துக்கொண்டே தலையைத் திருப்பிக் காட்டினாள்.

"இந்தப் பக்கமும் வாருங்க, அம்மி."

சீப்பின் பல் பட்ட இடத்தில், காதுக்குப் பின்னால், தோல் நனைந்த துணிபோல மடிந்து, சீப்போடு நகரத் தொடங்கியது.