மூன்றாவது சக்கரம்

"அந்த மூணாவது சக்கரத்தைப் பிரிச்சு எடு."

"நான் தைக்கவே இல்லாததை எப்படிப் பிரிக்கிறது, மாமா?"

எதிர்வீட்டுப் பூத்தையல்காரிக்கும் அவள் கணவனின் அண்ணனான மேஜருக்கும் இடையே காலையிலிருந்து இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை. ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்தேன், அவ்வளவுதான்.

மேஜரின் பீரங்கி ரெஜிமெண்ட் மூன்று பேட்டரிகள், அதாவது மூன்று பீரங்கி அணிகள், சேர்ந்து பிறந்தது. சின்னத்தில் பேட்டரிக்கு ஒரு சக்கரம். நூற்றாண்டு விழாவுக்கு அதைப் புதுத் துணியில் தைக்கும் வேலையைத் தம்பி மனைவிக்கு வாங்கிக் கொடுத்தவரே மேஜர்தான். ஆனால் இரண்டு சக்கரம் போதும் என்றுவிட்டார். மற்ற படைகளுக்குக் கொடி எப்படியோ, பீரங்கிப் படைக்குப் பீரங்கி அப்படி. மூன்றாவது பேட்டரி போரில் அதைப் போட்டுவிட்டு ஓடியதாம். ஓடினவர்களுக்கு வம்சாவளியில் இடமில்லையாம்.

அவள் புருஷன் இருந்தது அந்த மூன்றாவது பேட்டரியில். உடல்கூடத் திரும்பவில்லை.

அழுதுகொண்டேதான் இரண்டு சக்கரம் தைத்தாள். தங்க நூலில். மறுநாள் பார்த்தால் பக்கத்தில் மூன்றாவது, கறுப்பாக. மேஜர் தன் கையாலேயே பிரித்துப் போட்டார். அது மறுபடியும் வந்தது. வீம்பு பிடித்தவள் என்று தெருவே கேட்கக் கத்தினார்.

கடைசியில் துணிக்குக் காவலாக அவரே உட்கார்ந்துவிட்டார். மழை கட்டி இருட்டிய மத்தியானம். ஊசி இரவல் கேட்கும் சாக்கில் நானும் போய் நின்றேன்.

முதலில் வாடை. கருகின வெடிமருந்து வாடை.

பிறகு தெருமுனையிலிருந்து ஒரு சத்தம். கனத்த சக்கரம் ஒன்று சேற்றில் அரைபட்டு உருண்டது. நின்றது. யாரோ மூச்சு வாங்கினார்கள். மறுபடி உருண்டது.

மேஜரின் வாய் திறந்துகொண்டது. கொட்டாவி என்று நினைத்தேன். அவள் வாயும் திறந்தது.

என் வாயும்.

குண்டு வெடிக்குமுன் காது கிழியாமலிருக்க பீரங்கிக்காரர்கள் வாயைத் திறந்துகொள்வார்கள். அவள் புருஷன் குக்கர் விசிலுக்கே அப்படித் திறப்பான் என்று எப்போதோ சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

எதுவும் வெடிக்கவில்லை. சத்தம் தெருமுனையைத் தாண்டவும் இல்லை.

"பீரங்கியை இழுத்துக்கிட்டு வர்றான்," என்றார் மேஜர், மூச்சுக்குள்.

அவள் வாசலைப் பார்த்து மெல்லச் சொன்னாள்: "அதை விட்டுட்டு வாங்களேன்."

"விடமாட்டான்மா. அன்னைக்கும் விட்டிருக்க மாட்டான்."

துணியில் கறுப்புச் சக்கரம் முழுசாக நின்றது. மேஜர் கத்தரியைத் தொடவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தங்க நூலை ஊசியில் கோத்து அவளிடம் நீட்டினார். அந்தக் கறுப்பின் மேலேயே அவள் தைத்தாள்.

விழாவில் மூன்று பேட்டரிகளின் பெயர்களும் வாசிக்கப்பட்டன. இதற்காக யார் யாரிடம் மேஜர் மல்லுக்கட்டினார் என்று கேட்டுப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை மனிதர். அதற்குப் பிறகு அந்தச் சத்தம் வரவில்லை. புருஷனுக்கு நிம்மதி கிடைத்துவிட்டது என்று அவள் நம்பினாள். நாங்களும்தான்.

மேஜர் மகள் வீட்டோடு போய்விட்டார். பூத்தையல்காரியை, மனைவியை இழந்த கடிகாரக்காரர் ஒருவர் கட்டிக்கொண்டார். ஒரு கடிகாரப் பட்டையை ஒரு மனிதர் எத்தனை தடவைதான் தைக்கக் கொடுப்பார்? எனக்கு அப்போதே தெரியும். இருவரும் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது.

போன மழையில், பட்டப்பகலில், மறுபடி சக்கரம் உருண்டது. இந்தத் தடவை தெருமுனையில் நிற்கவில்லை. அவள் வாசல்வரை வந்தது. பெரிய பாரம் ஒன்றை இறக்கி வைத்த சத்தம். பிறகு காலடி, கனமே இல்லாத காலடி, படியேறியது.

பூட்டின கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். தன் வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி.

அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊர்க்கதையெல்லாம் பேசுகிற எனக்கு அது மட்டும் வரவில்லை. ஜன்னலில் நின்றிருந்தேன். வாய் என்னவோ திறந்துதான் இருந்தது.