நூற்று எழுபத்து நான்காம் தவளை

1985 ஐப்பசியில் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வானூர் போகும் சாலையில், ஏரிக்கரையை ஒட்டி, முன்பு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகள் அடுக்கி வைத்திருந்த பழைய வீடு. சுவர்களில் இன்னும் எண்ணெய் வாடை இருந்தது. தவளைகளை ஆராயும் டாக்டர் மாசிலாமணி அதை வாடகைக்கு எடுத்திருந்தார். சனிக்கிழமைகளில் சென்னையிலிருந்து வருவார். மற்ற நாட்களில் நான் மட்டும்.

மழை பெய்த நாளில், பொழுது சாயும்போது ஏரியில் இறங்கித் தவளை பிடிக்க வேண்டும். எடை பார்த்து, ஓர் எண் கொடுத்து, அதற்கேற்ற விரல் நுனிகளை வெட்டி, பதிவேட்டில் எழுதி, ஏரியிலேயே விட்டுவிட வேண்டும். மறுபடி அகப்பட்டால் விரல்களைப் பார்த்தே அதன் எண்ணைச் சொல்லிவிடலாம். தவளைக்கால் ஏற்றுமதியை நிறுத்த வேண்டுமா என்று அரசுக்குச் சொல்லப்போகும் கணக்கு அது. எனக்கு முன்னால் கண்ணையன் என்பவர் அந்த வேலையைச் செய்தார். ஒரு மழை நாளும் தவறியதில்லையாம். போன வருஷம் அதே கரையில் விரியன் தீண்டி இறந்துபோனார்.

எனக்குத் திண்டிவனத்தில் மாலை வகுப்பு. மழையும் அந்த நேரத்தில்தான் வரும். ஐந்து மாலைகள் ஏரிக்குப் போகவில்லை. வகுப்பு முடிந்து திரும்பும் பஸ்ஸில், களைப்போடு, 167 முதல் 188 வரை இருபத்திரண்டு தவளைகளை நானே உண்டாக்கி எழுதினேன்.

சமைத்துப் போடும் சவுரியம்மாள் ஒருநாள் சோற்றை வைத்தபடியே சொன்னார். "மழையில நனையாத சட்டையோட தவளை புடிக்கிற ஆள இப்பதாம்பா பாக்கறேன்."

குழம்பை ஊற்றிப் பிசைந்தேன்.

அடுத்த ஞாயிறு காலை டாக்டருடன் ஏரிக்குப் போனேன். அவர் ஒரு பெரிய தவளையைப் பிடித்து விரல்களைப் பார்த்தார். நூற்று எழுபத்து நான்கு என்றார்.

அப்படி ஒரு தவளை கிடையாது.

எடை பார்த்தோம். இருநூற்றுப் பன்னிரண்டு கிராம். நான் எழுதியிருந்ததும் அதுதான்.

நானே வெட்டி மறந்துவிட்டேனோ என்று யோசித்தேன். என் நினைவை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆனால் 174-ஐ எழுதிய அன்று மாலை வகுப்பின் வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது. பஸ் டிக்கெட்டும் டைரிக்குள் இருக்கிறது.

டாக்டர் வெட்டுக்காயத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கண்ணையன் வெட்டு," என்றார் மெதுவாக. "இடது கைக்காரன். சாய்ச்சுத்தான் வெட்டுவான். ஆனா அவன் நூத்தி இருபதோட போயிட்டானே."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு பொய் எண் இருந்தால் மூன்று வருஷக் கணக்கையும் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்றார். இருபத்திரண்டு வரிகளையும் சிவப்பு மையால் அடிக்கச் சொன்னார். 167-லிருந்து நேர்மையாகத் தொடங்கு, இனி ஒரு மழை நாளும் விடாதே என்றார். மாலை வகுப்பை நிறுத்திக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மழை வந்தது. ஐந்தரைக்கு ஏரியில் இறங்கினேன். சேற்று நாற்றம். நாணல் ஓரம் தவளைகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. முதல் தவளையைப் பிடித்தேன்.

விரல்கள் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தன.

சாய்வான வெட்டு. ரத்தம் என் உள்ளங்கையில் வடிந்தது. கத்தரிக்கோல் இன்னும் என் பையில்தான் இருந்தது, உறையோடு.

தவளைகளின் சத்தம் ஒரே நேரத்தில் நின்றது.

நாணலுக்கு அப்பால் யாரோ முழங்கால் தண்ணீரில் நடந்து வரும் ஓசை. அவசரமில்லாத நடை. நாளெல்லாம் வேலை செய்து ஓய்ந்தவரின் நடை. ஆள் தெரியவில்லை.

"நூத்தி எண்பத்தொம்போது," என்றது ஒரு குரல்.

பேனாவைத் திறந்தேன். பதிவேட்டில் சிவப்புக் கோடுகளுக்குக் கீழே, நான் தொடங்க வேண்டிய 167 காத்திருந்தது.

"எழுதிக்கினியா?"

கோபமே இல்லாத, அலுத்துப்போன குரல்.

189 என்று எழுதினேன்.

"எழுதிட்டேண்ணா," என்றேன்.

தண்ணீரில் அடுத்த அடி விழுந்தது.